பதினோராம் விதிக்கு நானே காரணம்

ராஜரத்தினம் மாஸ்டரின் வர்த்தகக் கல்லூரியில் பதினான்கு டைப்ரைட்டர்கள் இருந்தன. பதின்மூன்றுக்கு மணி உண்டு. மணி இல்லாத ஒன்று எனக்கு வாய்த்தது. அதன் பெயர் ஏழாம் நம்பர்.

டைப்ரைட்டரைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காக இந்த மணி விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டத் தட்ட மேலே இருக்கும் உருளை இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். வரி முடிய ஆறேழு எழுத்து இருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு சின்ன மணி 'டிங்' என்று அடிக்கும். உடனே இடது கையால் கைப்பிடியைத் தள்ளி, உருளையைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். மணி கேட்காவிட்டால் வரி முடிந்தது தெரியாமல் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கண்ணால் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தால் மாஸ்டரின் கோடு போடும் அடிமட்டம் விரலில் விழும். கண் தாளில், விரல் கட்டையில், காது மணியில். அவருக்கு அதுதான் வேதம். எழுத்துக் கட்டைகள் மீதெல்லாம் கறுப்புப் பெயின்ட் பூசி வைத்திருந்தார்.

அது எழுபத்து நாலாம் வருஷம். பருப்பு வாங்கவே வரிசையில் நின்ற காலம். வெளிநாட்டிலிருந்து ஊசிகூட வராது, டைப்ரைட்டர் மணி எங்கே வரும்? ஏழாம் நம்பரின் மணிக்காக மாஸ்டர் கொழும்புக்கு எழுதிய கடிதங்களை ஒட்டினால் கண்டியிலிருந்து பேராதனைச் சந்தி வரைக்கும் நீளும். கீழ் மாடியில் இரும்புக் கடை வைத்திருந்த ஜவாஹிர் நானா, "மணிதானே மாஸ்டர், இதுக்கு ஏன் கவலை" என்று சொல்லி ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுவந்து பூட்டினார். அது ஒவ்வொரு எழுத்துக்கும் அடித்தது. கீழே திருகோணமலை வீதியில் போன சனமெல்லாம் சைக்கிள் வருகிறதென்று ஓரமாக ஒதுங்கியது. அன்றைக்கே கழற்றிவிட்டார்கள்.

நான் ஏன் ஏழாம் நம்பரில் உட்கார்ந்தேன்? கடைசியாக வருகிறவருக்கு மிஞ்சுவது அதுதான். எங்கள் தேயிலைத் தோட்டம் தெல்தெனியவுக்கு மேலே. அந்தப் பழைய தெல்தெனிய இப்போது விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் மீன்களின் பாவனையில் இருக்கிறது. அன்றைக்கு அங்கிருந்து கண்டிக்கு வந்த பஸ்ஸும் மீன்களுக்குத்தான் பொருத்தம்: மழை பெய்தால் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கும். ஒரு முறை எங்களை ஒரு ஆமை முந்திப் போனது. ஆமையை நானே பார்த்தேன்.

"என்ன வேலாயி, இண்டைக்கும் பிந்தித்தான் வாறீர்" என்பார் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். திட்டும்போதுகூட மரியாதை குறையாது.

"பஸ்ஸு லேட்டுங்க சேர்."

"பஸ்ஸிலை பிழையில்லை, பிள்ளை. அது உம்மை ஏத்தாமல் வந்தால் நேரத்துக்கு வரும். போய் ஏழிலை இரும்."

ஏழில் போய் இருப்பேன். பக்கத்தில் ஆறாம் நம்பரில் றம்லத், ஜவாஹிர் நானாவின் மகள். அவளுக்கு மாடிப்படி ஏறினால் வகுப்பு. ஆனாலும் நல்ல மெஷினாகப் பார்த்து முன்கூட்டியே பிடித்துக்கொள்வாள். எனக்குத் தேவைப்பட்டது அவளுடைய மணிதான்.

இங்கேதான் மாஸ்டரின் கற்பிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இளமையில் ஊரில் ஒரு பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவை நடத்தியவர். தட்டெழுத்தும் பாண்ட் வாத்தியமும் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. மேசையில் அடிமட்டத்தால் டக், டக், டக் என்று தாளம் போடுவார். ஒரு டக்குக்கு ஒரு எழுத்து. பதினான்கு பேரும் ஒரே கடிதத்தை, ஒரே எழுத்தை, ஒரே நொடியில் தட்ட வேண்டும். வரி முடியும்போது பதின்மூன்று மணியும் சேர்ந்து ஒரே மணியாக அடிக்கும். பதினான்கு கைகளும் ஒன்றாகப் பாய்ந்து பதினான்கு உருளைகளும் ஒன்றாகத் திரும்பும். அப்போது கட்டடம் ஒரு முறை குலுங்கும். கீழே ஜவாஹிர் நானா ஆணி நிறுக்கும்போது தராசைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மேலே மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் முள்ளைப் பார்ப்பார். வாடிக்கைக்காரர்களும் பழகிவிட்டார்கள். "இந்த வரி முடியட்டும் நானா" என்பார்கள்.

இந்தப் பாண்ட் முறையில் மணியில்லாதவளுக்கு ஒரு கஷ்டமுமில்லை. றம்லத்தின் மணி என் வலது காதில் அடிக்கும், நான் திருப்புவேன். ஒரு வருஷத்தில் என் காதும் அவள் மணியும் கல்யாணம் கட்டிக்கொண்டன என்றே சொல்லலாம். அவள் காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாட்களும் நான் முதல் வரியைத் தாண்டவில்லை. முழு வகுப்பின் மணி இருந்ததே என்று கேட்காதீர்கள். கல்யாணம் கட்டிய காதுக்கு வேறு மணி கேட்குமா?

"ஒனக்கிட்ட மெஷின் ஈக்கி, எனக்கிட்ட மணி ஈக்கி" என்பாள் றம்லத். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான் கெடைக்கும் போல. சம்பளத்தப் பாதி பாதி வெச்சிக்குவோம்."

"மணிக்கு என்னாடி சம்பளம்?"

"அப்ப நாளைக்கு நான் வர மாட்டன்."

உடனே நான் பாதிக்கு ஒத்துக்கொள்வேன்.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு வருஷம் போனது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது பேராதனை வீதியில் இருந்த ஒரு லொறிக் கம்பனிக்காரர் டைப்பிஸ்ட் வேண்டுமென்று கேட்டு மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் என்னைக் காட்டினார். முகாமையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொழும்புப் பரீட்சைச் சபையின் சான்றிதழோடு மே மாதம் முதலாம் திகதிக்கு முன் வந்தால் கதிரை உனக்கு, இல்லாவிட்டால் என் மச்சாளுக்கு என்றார். மச்சாளுக்கு டைப் தெரியுமா என்று மாஸ்டர் கேட்டார். தெரியாது, ஆனால் அவளுக்குக் கதிரையில் நன்றாக உட்கார வரும் என்றார் அவர்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அம்மாவின் பெயர் அழகம்மா. தோட்டத்துத் துரைகூட அம்மாவைக் கண்டால் குறுக்குப் பாதையில் இறங்கிப் போய்விடுவார்.

"நல்லதா போச்சு" என்றாள் அம்மா. "ஒரு பரீச்ச. ஒன்னே ஒன்னு. பாஸு பண்ணுனா நீ கந்தோருக்குப் போ, நான் கொடையப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வர்றேன். இல்லாட்டி ஒன்னாந்தேதி கணக்கப்புள்ளகிட்ட சொல்லி ஒம்பேர செக்ரோலுல பதிஞ்சிருவேன். கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கி ஏறு."

"எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாதும்மா."

"டைப்படிக்கத் தெரிஞ்சுகிட்டா பொறந்த?"

"ஒரு மாசந்தான் கூடக் கேக்குறேன்."

"ஒரு வருசம் பஸ்ஸுலயே குடியிருந்துட்ட. ஒனக்குப் பொறவு ரெண்டு பேரு படிக்கணும். நான் மட்டும் எம்புட்டு மலைய ஏறுவேன்?"

 செக்ரோல் என்பது தோட்டத்துப் பெயர்ப் பதிவேடு. அதில் பெயர் ஏறினால் இறங்காது. அம்மாவின் பெயர் பதினான்கு வயதில் ஏறியது.

ஒரே ஒரு பரீட்சை. எனக்கு வேகம் இருந்தது, விரல் இருந்தது. மணி மட்டும் றம்லத்திடம் இருந்தது.

அந்தக் காலத்தில் தட்டெழுத்துப் பரீட்சைக்குப் போகிறவர் தன் மெஷினைத் தானே கொண்டுபோக வேண்டும். பேனா கொண்டுபோகிற மாதிரி. என்ன, இந்தப் பேனா பதினைந்து கிலோ. வாவிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு பெண்கள் பாடசாலையின் மண்டபத்தில் பரீட்சை. சனிக்கிழமை காலையில் ஜவாஹிர் நானா தன் லொறியைத் தந்தார். சிமெந்து மூட்டைகள் மேல் நாங்கள் பதினான்கு பேர், மடியில் ஆளுக்கொரு டைப்ரைட்டர். கிளினிக்கில் பிள்ளைகளுக்கு ஊசி போடக் காத்திருக்கும் தாய்மாரைப் போல இருந்தோம். என் காலடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின். அம்மா விடியமுன்னே சுட்டுத் தந்த ரொட்டி ஆறும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் அதில் இருந்தன. தோட்டத்து ரொட்டி என்றால் உங்கள் கடை ரொட்டி மாதிரி இல்லை. ஒரு ரொட்டியைத் தூக்கி எறிந்தால் கண்டி வாவியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்திப் போய்ச் சேரும். எங்கள் அம்மாவின் ரொட்டி மூழ்கிவிடும், அவ்வளவு கனம்.

"மாஸ்டர், நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல தானே?" என்று றம்லத் பத்தாவது தடவையாகக் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. ரெண்டு விண்ணப்பத்தையும் ஒண்டாய் ஊசி குத்தி அனுப்பினனான். அவளுக்குச் சுட்டெண் நாப்பது, உமக்கு... பொறும், உமக்கு நாப்பது. வேலாயிக்கு நாப்பத்தொண்டு. பக்கத்துப் பக்கம். இனிக் கேளாதையும்."

மண்டபத்துக்குள் போனோம். மேசைகள் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை போட்டிருந்தார்கள். நாற்பது, ஐந்தாம் வரிசையின் கடைசி மேசை. நாற்பத்தொன்று, ஆறாம் வரிசையின் முதல் மேசை. அந்த மண்டபத்தில் இரண்டு பேரை இதைவிடத் தூரமாக உட்கார வைக்க வேண்டுமென்றால் ஒருத்தியைக் கூரையில்தான் ஏற்ற வேண்டும்.

மறுகோடியிலிருந்து றம்லத் என்னைப் பார்த்தாள். கையை விரித்துக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

பரீட்சைக்கு முன்னால் மெஷினைப் பழக்கப்படுத்த ஐந்து நிமிஷம் தருவார்கள். தட்டத் தொடங்கினோம். அப்போதுதான் எனக்கு மட்டுமல்ல, எங்கள் கல்லூரியின் பதினான்கு பேருக்குமே இடி விழுந்தது. மண்டபத்தில் அறுபத்து நாலு பேர். பத்துக் கல்லூரி. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வேகம். தாளம் போட ஒருவருமில்லை. ஒரு மணி அங்கே, ஒரு மணி இங்கே, ஆடி வேல் திருவிழாவில் காவடி மணி குலுங்கிய மாதிரி. ஒரு மணி கேட்டால் கையைப் பாய்ச்சு என்று ஒரு வருஷம் பழகிய கை யாருடைய மணி என்று கேட்குமா? எனக்கு முன்னால் இருந்த எங்கள் கல்லூரிப் பெடியன் அழகமுத்து ஒரு வரியில் இரண்டே சொல் அடித்துவிட்டு உருளையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் தாள் படிக்கட்டு மாதிரி இறங்கியது. இந்தப் பக்கம் நான் எங்கே திருப்புவதென்று தெரியாமல் வரி முடிவில் முட்டி முட்டி நின்றேன்.

ஐந்து நிமிஷம் முடிந்தது. மேற்பார்வையாளர், மெஷினைச் சரி செய்ய வேண்டியவர்கள் இரண்டு நிமிஷத்தில் செய்துகொள்ளுங்கள் என்றார்.

மே முதலாம் திகதி கண்ணுக்கு முன்னால் வந்தது. கூடை, கயிறு, தலையில் சாக்கு, காலில் அட்டை. நான் ஏழாம் நம்பரை முறைத்துப் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று ஒரு வருஷம் அடி வாங்கிய மெஷின். அதன் உருளை இடது பக்கமாக மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. வரி முடிகிற இடத்தில் அதன் நுனி எங்கே வந்து நிற்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

காலடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி மேசையின் இடது பக்கத்தில் வைத்தேன். உருளையைக் கையால் தள்ளி, வரி முடிய ஏழு எழுத்து இருக்கும் இடத்தில் நிறுத்தி, அதன் நுனியில் டின் மட்டுமட்டாகத் தொடும்படி நகர்த்தினேன். ஒரு எழுத்துத் தட்டினேன். உருளை போய் டின்னில் இடித்தது.

டொங்.

மேற்பார்வையாளர் வந்தார். "அது என்ன?"

"சாப்பாடுங்க சேர்."

"மேசையில் ஏன்?"

"கீழ எறும்பு வருதுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து அறிவுறுத்தல் தாளை எடுத்து வாசித்தார். பத்து விதிகள். புத்தகம் கூடாது, அகராதி கூடாது, எழுதிய காகிதம் கூடாது, பேச்சுக் கூடாது. ரொட்டியைப் பற்றி ஒன்றுமில்லை. திருப்பி ஒருமுறை வாசித்தார். போய்விட்டார்.

பரீட்சை தொடங்கியது. தேயிலைப் பெட்டிகள் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று ஒரு கம்பனி இன்னொரு கம்பனியோடு சண்டை பிடிக்கும் நீண்ட கடிதம். மனதுக்குள் மாஸ்டரின் அடிமட்டத்தை நினைத்துக்கொண்டு தட்டினேன். வரி முடிவில் டொங். திருப்பினேன். இரண்டாவது வரி, டொங். அறுபத்து மூன்று சின்ன மணிகளுக்கு நடுவே என் டின் கோயில் மணி மாதிரி ஒலித்தது. பயம் போனது. விரல்கள் தாமாக ஓடின.

நாலாவது வரியில்தான் கவனித்தேன். நான் டொங் என்றதும் எனக்கு முன்னால் அழகமுத்துவின் கையும் பாய்ந்தது. ஆறாவது வரியில் மறுகோடியில் றம்லத்தின் உருளை என்னோடு சேர்ந்து திரும்பியது. எத்தனையோ மணிகளுக்கு நடுவே திசை தெரியாமல் அலைந்த எங்கள் கல்லூரிக் காதுகள் ஒரே ஒரு பெரிய சத்தத்தைக் கண்டதும் ஓடிவந்து பிடித்துக்கொண்டன. பத்தாவது வரிக்குள் பதினான்கு பேரும் ஒரே எழுத்து, ஒரே நொடி. டொங் என்றால் பதினான்கு கை. மண்டபம் குலுங்கியது. கடைசி ஐந்து நிமிஷத்தில் மற்றக் கல்லூரிக்காரர்களும் வேறு வழியில்லாமல் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மேற்பார்வையாளரின் சப்பாத்து தரையில் டக், டக் என்று தாளம் போட்டது. வெளியே வாவியில் மீன் துள்ளியதாகவும் சொல்கிறார்கள்.

"பதினாலு பேர் இல்ல, ஒம்பது பேர்" என்று றம்லத் இன்றைக்கும் சொல்வாள். "மீன் துள்ளினது நீ சொல்லித்தான் கேள்விப்பட்டன்." அவள் எப்போதும் எண்ணிக்கையில் கஞ்சம்.

பரீட்சை முடிந்தது. ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்றோம். இடி வாங்கியதில் கொஞ்சம் மிருதுவாகத்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் பெறுபேறுகள் வந்தன. எல்லாக் கல்லூரிக்கும் வந்தன, எங்களுக்கு மட்டும் வரவில்லை. பதிலாக ஒரு கடிதம் வந்தது. மாஸ்டர் அதை வகுப்பில் நின்றபடி வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. பதினான்கு விடைத்தாள்களும் பத்தாவது வரி முதல் வரிக்கு வரி ஒரே சொல்லில் முடிகின்றன. கடைசியில் பதினான்கும் ஒரே சொல்லில் நிற்கின்றன. இது ஒருவர் அடித்து மற்றவர்களுக்குக் கார்பன் வைத்தது போலத் தோன்றுகிறது. பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. முப்பதாம் திகதி விசாரணை அதிகாரி வருவார்.

"முப்பதாந்தேதியா?" என்றேன். "மறுநாள் ஒன்னாந்தேதிங்க சேர்."

"ஓம் பிள்ளை. முப்பதுக்குப் பிறகு அதுதான் வாறது." மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வகுப்பில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். "கார்பனாம். இருவது வருசம் படிப்பிச்சனான். கார்பனாம்."

முப்பதாம் திகதி காலையில் நான் சாப்பிடவும் இல்லை, ரொட்டி கட்டிக்கொள்ளவும் இல்லை.  டின்னை மட்டும் தூக்கிக்கொண்டேன். அம்மா வாசலில் நின்றாள். புதுக் கூடை ஒன்று சுவரில் தொங்கியது. அதை எப்போது வாங்கினாள் என்று தெரியாது.

"வெறும் டின்ன எங்க தூக்கிக்கிட்டுப் போற?"

"சாட்சிக்கும்மா."

அம்மா கூடையைச் சுவரிலிருந்து எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

விசாரணை அதிகாரியின் பெயர் தியாகராஜா. குடையைவிட மெலிந்த மனிதர். ஒரு கையில் குடை, மறு கையில் வாழையிலையில் கட்டிய சோத்துப் பார்சல். கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவர், மத்தியானத்துக்கென்று வீட்டில் கட்டித் தந்ததாம். மாஸ்டரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையிலேயே இரண்டு பேரும் யாழ்ப்பாணம் என்று புரிந்துவிட்டது. நீங்கள் எவ்விடம், எந்தக் கோயிலடி என்று கேட்க இருவருக்கும் நாக்குத் துடித்தது. ஆனால் அது விசாரணை. கேட்கவில்லை.

"மாஸ்டர், உங்கடை மாணவர் பதினாலு பேரும் ஒரே நேரத்திலை ஒரே வரியை முடிப்பினமோ?"

"ஓம்."

"அது எப்படி?"

"பழக்கம்."

"தாளம் போடாமலோ? பரீட்சை மண்டபத்திலை நீங்கள் இல்லையே."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.  "டின்னுங்க சேர்" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். மணி இல்லாத மெஷின், கல்யாணம் கட்டிய காது, நாற்பது, நாற்பத்தொன்று, ரொட்டி. தியாகராஜா முகத்தில் ஒரு சதை அசையவில்லை. சொல்லி முடித்ததும், "செய்து காட்டும்" என்றார். கைப்பையிலிருந்து நாங்கள் பார்த்திராத ஒரு கடிதத்தை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். எங்களைக் கலைத்துக் கலைத்து உட்கார வைத்தார். மாஸ்டரை வெளியே படிக்கட்டில் இருக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நிறுத்தற் கடிகாரத்தை எடுத்தார்.

தட்டத் தொடங்கினேன். முதல் வரி முடிவில் உருளை டின்னில் இடித்தது. டொங் இல்லை. ணிங் என்று ஒரு கீச்சுச் சத்தம். இடித்த வேகத்தில் டின் மேசையிலிருந்து சறுக்கி விழுந்து, தரையில் உருண்டு, தியாகராஜாவின் சப்பாத்தில் போய் மோதி நின்றது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"இதுதானோ அந்த மணி?" என்றார் தியாகராஜா.

"சேர், அன்னைக்கி உள்ளுக்கு ரொட்டி இருந்துச்சுங்க. ஆறு ரொட்டி. இன்னைக்கி வெறும் டின். கனமில்லாட்டி நிக்காதுங்க."

"அப்ப ரொட்டி எங்கை?"

"கட்டலைங்க. பயத்துல."

அவர் கடிகாரத்தை நிறுத்தினார். எழுதத் தொடங்கினார்.  றம்லத் எழுந்தாள்.

"வாப்பாட கடையில ஆணி ஈக்கி சேர். ரெண்டு றாத்தல் போட்டா சரி."

"வெளியிலிருந்து ஒண்டும் வரக்கூடாது. பிறகு அதிலும் ஏதோ சூழ்ச்சி எண்டு நான் எழுத வேண்டி வரும். இந்த அறைக்குள்ளை இருக்கிற சாமான் மட்டும்."

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பதினான்கு மெஷின், பதினான்கு கதிரை, ஒரு அலுமாரி. பிறகு மாஸ்டரின் மேசையில் இருந்த வாழையிலைப் பார்சலைப் பார்த்தேன். றம்லத்தும் அதைத்தான் பார்த்தாள். பதினான்கு பேரும் அதைத்தான் பார்த்தோம். கடைசியாகத் தியாகராஜாவும் அதைப் பார்த்தார்.

"அது என்ரை சாப்பாடு" என்றார்.

பதினான்கு பேரும் பார்சலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மீன் குழம்பு" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"டின்னுக்கு மூடி இருக்குங்க சேர்" என்றேன்.

அவர் நியாயமான மனிதர். அறைக்குள் இருக்கிற சாமான் என்று சொன்னவர் அவரேதான். பார்சலை இரண்டு கையாலும் எடுத்து, பிள்ளையைத் தொட்டிலில் வைப்பது போல டின்னுக்குள் வைத்து, மூடியைத் தானே அழுத்தினார். கடிகாரத்தை அழுத்தினார்.

டொங்.

ஆகா, அந்தச் சத்தம். மீன் குழம்புக்கு ரொட்டியைவிடக் கம்பீரமான குரல். பதினான்கு உருளைகளும் ஒன்றாகத் திரும்பின. கீழே ஜவாஹிர் நானா தராசைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். டொங். டொங். ஒவ்வொரு டொங்குக்கும் தியாகராஜாவின் இடது கண் சிறிதாகத் துடித்தது. ஆனாலும் கடிகாரத்தை விடவில்லை. பத்து நிமிஷம். முப்பத்தேழு வரி. முப்பத்தேழு இடி.

நிறுத்தச் சொன்னார். பதினான்கு தாள்களையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கதவைத் திறந்து மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"கார்பன் இல்லை" என்றார். "மன்னிக்க வேணும். நான் இருவத்திரண்டு வருசம் பரீட்சைச் சபையிலை இருக்கிறன். இப்படி ஒரு..." சொல் தேடினார், கிடைக்கவில்லை. "நீங்கள் எவ்விடம்?"

மாஸ்டர் ஊரைச் சொன்னார். இருவருடைய ஊருக்கும் நடுவே ஒரே ஒரு வயல். அடுத்த கால் மணிநேரம் பரீட்சை, சபை, கார்பன் எல்லாம் மறந்துபோயின. நான்தான் இருமினேன்.

"சேர், நாளைக்கி ஒன்னாந்தேதிங்க. சான்றிதழு கொழும்புல இருந்து வர எத்தன நாளு?"

"மூண்டு கிழமை."

எனக்குக் கூடை கண்ணில் தெரிந்தது. மாஸ்டர் லொறிக் கம்பனி விஷயத்தை அவருக்குச் சொன்னார். தியாகராஜா யோசித்தார்.

"சித்தியடைந்ததாக ஒரு உறுதிக் கடிதம் தரலாம். எனக்கு அதிகாரம் உண்டு. சபையின்ரை தாள் கைப்பையிலை இருக்கு. ஆனால் அது டைப் அடிச்சிருக்க வேணும்."

அறையில் பதினான்கு டைப்பிஸ்டுகள். அவர் என்னைப் பார்த்தார். "வாரும். நான் சொல்லுறன், நீர் அடியும்."

சபையின் முத்திரைத் தாளை ஏழாம் நம்பரில் ஏற்றினேன். கண்டி, முப்பதாம் திகதி. இத்தால் அறியத் தருவது என்னவென்றால், செல்வி வேலாயி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டுச் சொற்கள் வேகத்தில். நான் சித்தியடைந்ததை நானே அடித்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் அவருடைய மீன் குழம்பு டொங் என்றது. ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

பிறகு டின்னைத் திறந்தார். சோறு, பருப்பு, மீன், சம்பல் எல்லாம் ஒன்றாகி, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருந்தது. ஒரு முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜவாஹிர் நானா வீட்டிலிருந்து புரியாணி வந்தது. விசாரணை முடிந்துவிட்டதால் வெளியிலிருந்து கொண்டுவரலாம் என்று தியாகராஜாவே தீர்ப்புச் சொன்னார்.

அன்று பின்னேரம் நாலரைக்கு லொறிக் கம்பனிக் கந்தோரில் நின்றேன். முகாமையாளர் கடிதத்தை வாசித்தார். "யார் டைப் அடித்தது? ஒரு பிழையில்லையே" என்றார். நான் என்று சொன்னேன். மச்சாள் வேறு எங்கோ போய் நன்றாக உட்கார்ந்திருப்பாள் என்று நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"என்னாடி இது, மீன் நாறுது."

"அதாம்மா பாஸு."

மே தின விடுமுறை கழிந்து வேலைக்குப் போன முதல் நாள் காலை அம்மா குடையோடு பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். மழை இல்லை. ஆனாலும் விரித்துத்தான் பிடித்திருந்தாள். புதுக் கூடையில் கோழி அடைகாத்தது.

முப்பத்தெட்டு வருஷம் கந்தோர் கந்தோராகத் தட்டி, தலைமை லிகிதராக ஓய்வு பெற்றேன். இடையில் பல வருஷம் அதே பரீட்சைக்கு மேற்பார்வைக்கும் போனேன். முதல் தடவை போனபோது அறிவுறுத்தல் தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். பத்து விதிக்குக் கீழே பதினொன்றாவது ஒன்று இருந்தது. உணவுப் பாத்திரங்கள், டின்கள் என்பவற்றை மேசை மீது வைத்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

அறுபது பிள்ளைகளும் ஏன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தார்கள். நான் கண்டிப்பான முகத்தோடு இன்னொரு முறை வாசித்தேன். இந்த நாட்டில் எத்தனையோ பேர் பெரிய வேலைகள் பார்த்து ஓய்வு பெறுகிறார்கள். சட்டத்தில் தன் மத்தியானச் சாப்பாட்டை ஏற்றியவள் நான் ஒருத்திதான்.

றம்லத்தைக் கேட்டால், பாதி அவளுக்கு என்பாள்.